காட்சியா, கருதலா?
சிதறிய ஒளியிலிருந்து படம் வரையும் நரம்பு வலைகள் பற்றி ஒரு திறனாய்வு

தேய்த்த கண்ணாடிக்குப் பின்னால் வைத்த உருவத்தைக் கணிப்பொறி கண்டு வரைகிறது என்னும் செய்தி, கடந்த சில ஆண்டுகளில் அறிவியல் ஏடுகளிற் பலமுறை வெளிவந்துள்ளது. பனிமூட்டம், கலங்கல் நீர், பால், உடலின் தசை முதலியன ஒளியைச் சிதறடிப்பவை. அவற்றின் ஊடே பார்ப்பதற்கு ‘நரம்பு வலை’ என்னும் கணிப்புமுறை துணை செய்கிறது என்பதே அச்செய்தியின் சாரம். செய்தி பொய்யன்று. ஆயினும் அதனைச் சொல்லும் சொல்லில் ஒரு வழு உண்டு. ‘காண்கிறது’ என்னும் வினைச்சொல் அவ்விடத்துக்கு உரியதுதானா என்பது ஆராயத்தக்கது.

சொல்லை ஆராய்வது தமிழாசிரியர் வேலை, ஒளியை ஆராய்வது அவர் வேலையன்று எனச் சிலர் ஒதுக்கலாம். அஃது ஏற்புடைத்தன்று. காண்டல் வேறு, கருதல் வேறு, உரை வேறு என்று அறிவு வரும் வழிகளைப் பிரித்து, அவற்றுக்கு அளவை எனப் பெயரிட்டு வழங்கியது தமிழ்நூல் மரபு. அந்த மரபிற் பயின்றோர் கேட்கவேண்டிய கேள்வியை ஒளியியலார் சிலரே கேட்டிருக்கின்றனர். ஏனையோர் படத்தின் தெளிவைக் கண்டு மகிழ்ந்து நின்றுவிட்டனர்.

முதலில் ஒளிக்கு நேர்வது யாது என்று காண்க. உடலின் தசையில் ஒளிக்கதிர் ஏறத்தாழப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் சென்றதும் ஒருமுறை சிதறிவிடுகிறது. அவ்வளவு தொலைவு கடக்குந்தோறும், சிதறாமல் நேரே செல்லும் ஒளி முன்பிருந்ததில் நூற்றுக்கு 37 பங்காகக் குறைகிறது. ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குப் போனால் 22,000 பங்கில் ஒரு பங்கே நேர்வழியில் எஞ்சும். மற்றவை அழிவதில்லை. பந்து பல சுவர்களிற் பட்டுத் திரும்புவதுபோல் திசை மாறி மாறி வெளியே வருகின்றன. லேசர் ஒளியாயின், அவ்வாறு வந்த அலைகள் ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் திரையில் மணல் இறைத்தாற்போன்ற ஒளிப்புள்ளிகளையும் இருட்புள்ளிகளையும் உண்டாக்கும். இதனைப் புள்ளிக்கோலம் எனலாம். நாள்தோறும் வாசலில் இடும் கோலத்தில் புள்ளிகள் ஒழுங்காயிருக்கும். இதில் ஒழுங்கு மறைந்திருக்கும். இயலில் இத்துணைதான் வேற்றுமை.

சிதறல் என்றவுடன் தமிழ் வாசகர்க்குச் சர் சி. வி. இராமன் நினைவுக்கு வருவது இயல்பு. திருச்சிராப்பள்ளியிற் பிறந்து, ஒளிச்சிதறல் ஆராய்ச்சிக்காக 1930இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். அவர் கண்ட சிதறலில் ஒளியின் நிறமே சிறிது மாறும். ஈண்டுப் பேசப்படும் சிதறலில் திசை மட்டுமே மாறும். ஆகவே இரண்டையும் ஒன்றெனக் கொள்ளற்க. ஆயினும் புள்ளிக்கோலத்துக்கும் அவர் ஆய்வுக்கூடத்துக்கும் உறவு இல்லாமற் போகவில்லை. அவரிடம் பயின்ற ஜி. என். இராமச்சந்திரன், ஒளிவளையங்களுக்குள்ளே ஒளி ஓரிடத்தில் மிக்கும் ஓரிடத்தில் குறைந்தும் தோன்றுவதை ஆராய்ந்து 1943இல் கட்டுரை எழுதினார். லேசர் பிறப்பதற்கு 17 ஆண்டுகளுக்கு முன் நடந்த செயல் இது.

இனி நரம்பு வலைக்கு முன்னிருந்த முறைகளைச் சொல்லவேண்டும். அவற்றை அறியாமல் நரம்பு வலையின் தகுதியை அளக்க முடியாது.

2007இல் நெதர்லாந்தின் துவெந்தே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெல்லகூப், மாஸ்க் ஆகிய இருவரும் வெள்ளை வண்ணப்பூச்சின் மெல்லிய படலத்தின் வழியே லேசர் ஒளியைச் செலுத்தினர். படலத்தின் மறுபுறம் சிதறிய வெளிச்சமே வந்தது. அவர்கள் ஒளியலையின் முகப்பைப் பல சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் சிறிது முன்னும் பின்னுமாக நகர்த்தி, மறுபுறம் ஓரிடத்தில் ஒளி மிகும்படி திருத்திக்கொண்டே சென்றனர். முடிவில் அவ்விடத்து ஒளி, சுற்றிலும் பரந்த ஒளியைப்போல் 1,000 மடங்கு வரை மிகுந்தது. சிதறல் என்பது குழப்பமன்று, கணக்கிடத்தக்க ஒரு மாற்றமே என்பது அதனால் தெளிவாயிற்று. 2010இல் பாரிசு ஆய்வாளர் அம்மாற்றம் முழுவதையும் ஓர் எண் அட்டவணையாக அளந்து காட்டினர். உள்ளே எந்தக் கட்டத்தில் ஒளி விழுந்தால் வெளியே எந்தக் கட்டத்தில் எவ்வாறு தோன்றும் என்பதை அந்த அட்டவணை கூறும். அட்டவணை கையிலிருந்தால் வந்த புள்ளிக்கோலத்திலிருந்து மூல உருவத்தைத் திரும்பப் பெறலாம்.

மற்றொரு வழி இதனினும் வியப்பானது. சிதறடிக்கும் மெல்லிய படலத்தின்மேல் விழும் ஒளியைச் சிறிதே சாய்த்தால், புள்ளிக்கோலம் உருமாறாமல் சிறிதே நகரும் என்று 1988இல் அறிஞர் கண்டனர். இதற்கு ‘நினைவு விளைவு’ என்று பெயர். சிதறிய பின்னும் ஒளி தன் பழைய திசையை முற்றும் மறந்துவிடவில்லை என்பது கருத்து. இதைப் பற்றிக்கொண்டு, 2012இல் பெர்ட்டோலோட்டியும் உடன் உழைத்தோரும் ஒளிபுகாப் படலத்துக்குப் பின்னிருந்த பொருளின் உருவத்தை, பின்புறம் எக்கருவியும் வைக்காமலே பெற்றனர். 2014இல் காட்ஸ், சிகான் முதலியோர் சாதாரணப் படப்பெட்டியால் ஒரே முறை எடுத்த படத்திலிருந்தே அதைச் செய்து காட்டினர். இம்முறைகளுக்கு வரம்பு உண்டு. படலம் தடித்தால் நினைவு விளைவு சுருங்கும், பொருள் பெரிதானாலும் உதவாது. ஆனால் இவற்றின் நேர்மை போற்றத்தக்கது. பின்னால் இருப்பது முகமா, எழுத்தா, மரமா என்று இவை முன்கூட்டி எண்ணுவதில்லை. ஒளி கொண்டுவந்த செய்தியையே வாசிக்கின்றன. கணக்குப் போட்டுப் பெற்ற படமாயினும் இதனைக் காட்சி என்று அழைக்கத் தடையில்லை.

நரம்பு வலை செய்வது இதுவன்று. அது அட்டவணையை அளப்பதில்லை, நினைவு விளைவையும் எவரும் அதற்குச் சொல்லித் தருவதில்லை. ஆய்வாளர், தெரிந்த உருவம் ஒன்றைக் கண்ணாடிக்குப் பின்னால் காட்டுகின்றனர், முன்னால் வரும் புள்ளிக்கோலத்தைப் படமெடுக்கின்றனர், இரண்டையும் இணையாக வலைக்குக் கொடுக்கின்றனர். இவ்வாறு ஆயிரக்கணக்கான இணைகள். வலை ஒவ்வொரு முறையும் ஒரு விடையை வரைகிறது. அது மூல உருவத்தோடு எவ்வளவு வேறுபடுகிறது என்று கணக்கிட்டு, வேறுபாடு குறையும்படி தன்னுள் இருக்கும் எண்களைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்கிறது. வினாவும் விடையும் தந்து பழக்குவதற்கு ஒப்பானது இது. பழக்கம் முடிந்தபின், முன்பு காட்டாத ஓர் உருவத்தின் புள்ளிக்கோலத்தைக் கொடுத்து விடை கேட்கின்றனர். விடை பெரும்பாலும் சரியாக வருகிறது. கண்டுவிட்டது என்கின்றனர்.

முதலாம் வகுப்பு ஆசிரியர் எவரும் இவ்விடத்தில் சற்று நிற்பர். எழுத்துக் கூட்டத் தெரியாத சிறுவன் ஒருவன் பாடநூலின் பக்கங்களை வரி பிசகாமல் ஒப்பிப்பான். விரல் எழுத்தின்மேல் ஓடும். பக்கத்திலுள்ள படத்தைப் பார்த்ததும் பாடம் முழுவதும் அவன் நினைவில் எழுந்துவிடும். ஆய்வுக்கு வந்த அதிகாரியும் ‘நன்றாகப் படிக்கிறான்’ என்று எழுதிப் போவதுண்டு. அனுபவமுள்ள ஆசிரியரோ படத்தைக் கையால் மறைப்பார், நடுவிலுள்ள ஒரு சொல்லைத் தனியே காட்டுவார், அந்நூலில் இல்லாத ஒரு வரியைக் கரும்பலகையில் எழுதுவார். அப்போதுதான் சிறுவன் படிக்கிறானா, நினைவிலிருந்து ஒப்பிக்கிறானா என்பது வெளிப்படும். நரம்பு வலை ஆராய்ச்சிகளையும் இதே கேள்வியோடு அணுகவேண்டும். எந்த நூலிற் பழக்கினார்கள்? தேர்வு அந்நூலுக்கு உள்ளிருந்தா, வெளியிலிருந்தா?

2015இல் ஒசாக்கா பல்கலைக்கழகத்தார் செய்த தொடக்க முயற்சியில், சிதறிய ஒளியைக் கண்டு ‘இது முகம், இது முகமன்று’ என இயந்திரம் பிரித்தது. இரண்டில் ஒன்று என்ற அளவில் அது நின்றது. அவர்களும் அறிந்துகொள்ளல் என்றே சொன்னார்கள், காணல் என்று சொல்லவில்லை. அந்த அடக்கம் பின்வந்தோரிடம் குறைந்தது.

2018இல் சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழகத்தார் பல ஒளிவழிகள் கலக்கும் கண்ணாடி இழையை எடுத்துக்கொண்டனர். ஒரு கிலோமீட்டர் வரை நீளமுள்ள இழையின் மறுமுனையில் வந்த புள்ளிக்கோலத்திலிருந்து, இம்முனையில் காட்டிய கையெழுத்து எண்களை வலை அடையாளங் கண்டது. அருஞ்செயலே. ஆனால் அவர்கள் பயன்படுத்திய எம்னிஸ்ட் என்னும் தொகுப்பில் உள்ளவை 0 முதல் 9 வரையிலான பத்து எண்களே. பழக்கத்துக்கு 60,000 படங்கள், தேர்வுக்கு 10,000 படங்கள், ஒவ்வொன்றும் 28 கட்டம் அகலம், 28 கட்டம் உயரம். கணக்கைக் கவனிக்க. பத்தில் ஒன்று எது என்று தெரிந்துகொள்ள ‘ஆம், இல்லை’ என விடை தரும் வினாக்கள் நான்கு போதும். கட்டங்கள் 784இலும் கறுப்பா வெள்ளையா என்று கண்டறிய 784 வினாக்கள் வேண்டும். ஒளி நான்கு வினாக்களுக்கு விடை தந்தால், எஞ்சியவற்றுள் பெரும்பகுதியை வலை தன் பழக்கத்திலிருந்தே நிரப்பிக்கொள்ளலாம். ‘7’ என்று தெரிந்துவிட்டால் 7இன் வடிவை எழுத யாருக்குத்தான் வராது? படம் தெளிவாக வந்தது என்பது ஒளி அவ்வளவையும் கொண்டுவந்தது என்பதற்குச் சான்றாகாது. எண்ணைப் பிரித்தறிந்ததற்குரிய பாராட்டு வேறு, படத்தை மீட்டதற்குரிய பாராட்டு வேறு. இரண்டும் ஒரே கட்டுரையில் ஒரே மூச்சில் பேசப்படும்போது வாசகர் ஏமாறுவர்.

அதே ஆண்டில் வந்த மற்றொரு கட்டுரை இந்நாட்டவர்க்கு நெருக்கமானது. அதன் ஆசிரியருள் ஒருவரான ஜார்ஜ் பார்பஸ்தாத்திஸ், அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர். சிங்கப்பூரில் அக்கழகம் நடத்தும் கூட்டு ஆராய்ச்சி மையத்தோடும் தொடர்புடையவர். தேய்த்த கண்ணாடியின் வழியே படம் மீட்கும் வலை ஒன்றை அவர்கள் அமைத்து, முகங்கள், பலவகைப் பொருள்கள், எண்கள் என்னும் மூன்று தொகுப்புகளில் தனித்தனியே பழக்கினார்கள். ஒரு தொகுப்பிற் பழகிய வலையை மற்றொரு தொகுப்பின் படத்தாற் சோதித்தார்கள். புத்தகத்துக்கு வெளியே வினாக் கேட்கும் நேர்மை இது. துறையில் இதைச் செய்தவர் பலரில்லை. சிதறல் மிகும்போது எப்பிழையை எவ்வாறு அளந்து பழக்கவேண்டும் என்பதற்கும் அவர்கள் புதுவழி கூறினர். குறை என்னவெனில், வெவ்வேறு நூல்களிற் பழகிய வலைகள் தரும் விடைகளின் வேற்றுமையே அக்கட்டுரையின் தலைப்பொருளாக நின்றிருக்கவேண்டும். ஒரே புள்ளிக்கோலத்துக்கு முகநூலிற் பயின்றவன் ஒரு விடையும் எண்ணூலிற் பயின்றவன் வேறு விடையும் கூறினால், அவ்வேற்றுமை ஒளியிலிருந்து வந்ததன்று, நூலிலிருந்து வந்தது. வலையின் ‘முன்னறிவு’ எவ்வளவு, ஒளியின் செய்தி எவ்வளவு என்று அளக்க அதனினும் நல்ல கருவியில்லை. அவர்கள் அதைப் பொருட்படுத்தினர், ஆனால் வெற்றியின் பக்கத்தில் அதற்குக் கிடைத்த இடம் சிறிது.

முகத் தொகுப்பு என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்ட எல். எப். டபிள்யூ. என்னும் தொகுப்பை 2007இல் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்தார் வெளியிட்டனர். அதில் 5,749 மாந்தரின் 13,233 படங்கள் உள்ளன. செய்தித்தாட் படங்களிலிருந்து திரட்டியவை. அவற்றுள் 530 படங்கள் ஒருவருடையவை: அப்போது அமெரிக்காவின் அதிபராயிருந்த ஜார்ஜ் புஷ். இருபத்தைந்து படங்களில் ஒன்று அவர் முகம்! உலகத்து மக்களின் முகம் எப்படியிருக்கும் என்பதை இந்நூலிற் படித்த மாணவன் எத்தகைய முன்னறிவு பெற்றிருப்பான் என்று விரித்துரைக்கவேண்டா.

இது வெறும் ஐயமன்று என்பதற்கு அடுத்த துறையிலிருந்து ஒரு நிகழ்ச்சி. 2020இல் டியூக் பல்கலைக்கழகத்தார், மங்கலான சிறு முகப்படத்தைத் தெளிவான பெரிய முகப்படமாக்கும் முறை ஒன்றை வெளியிட்டனர். சிதறலன்று, கட்டங்கள் குறைந்ததால் வந்த மங்கல். ஒருவர் பராக் ஒபாமாவின் மங்கற் படத்தை அதற்குக் கொடுத்தார். வெள்ளையர் ஒருவரின் முகம் மிகத் தெளிவாக வந்தது. தோல் மயிர்க்கால்வரை தெளிவு. மங்கலைக் குறைப்பது உண்மையைக் கூட்டுவதாகாது என்பதற்கு இதைவிட வெளிப்படையான பாடம் இல்லை. மங்கற்படம் ‘தெரியவில்லை’ என்று சொல்லிக்கொண்டே நிற்கும். தெளிவான தவறு அவ்வாறு சொல்லாது.

மருத்துவத்தில் இதன் விலை உயர்வு. ஆன்டுன், ஹான்சன் முதலியோர் 2020இல் வெளியிட்ட ஆராய்ச்சி, காந்த அதிர்வுப் படம் முதலியவற்றை மீட்கும் வலைகளைப் பற்றியது. கண்ணுக்குப் புலப்படாத சிறு மாற்றத்தை உள்ளீட்டிற் செய்தால் வெளிவரும் படத்தில் பெரும் பிழைகள் தோன்றலாம் என்றும், சிறு கட்டி போன்ற புதிய உறுப்பு ஒன்று மீட்ட படத்தில் காணாமலே போகலாம் என்றும் அவர்கள் காட்டினர். இரண்டாவதே அஞ்சத்தக்கது. இல்லாததை வரைந்தால் மருத்துவர் மறுமுறை சோதிப்பார். இருப்பதை அழித்துவிட்டால் நோயாளி மனநிறைவோடு வீடு திரும்புவார். தசைக்குள் ஒளியைச் செலுத்திப் பார்க்கும் கருவிகள் நாளை மருத்துவமனைக்கு வரும்போது இதே கேள்வி அங்கேயும் எழும்.

மனிதக் கண்ணும் அப்படித்தானே என்று மறுப்பாரும் உளர். இருட்டில் கயிற்றைப் பாம்பென்று காண்பதும், தொலைவிலுள்ளவரை நடையால் இன்னாரென்று அறிவதும் முன்னறிவின் செயல்களே என்பர். மறுப்பு வலுவுள்ளது. காட்சி என்று வழங்கும் ஒவ்வொன்றிலும் கருதல் சிறிது கலந்தே நிற்கிறது. ஆனால் கயிற்றைப் பாம்பென்று கண்டவன் விளக்கெடுத்து வந்து பார்க்கிறான், கோலால் தொட்டுப் பார்க்கிறான். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘பாம்போ கயிறோ’ என்று ஐயுறுகிறான். மணிமேகலையின் 29ஆம் காதை ஏதுவின் குற்றங்களை வகுக்குமிடத்து, எழுவது ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராதபோதே அதனைப் புகையெனக் கொண்டு நெருப்புண்டு எனத் துணிவதையும் ஒரு குற்றமாக எண்ணுகிறது. பனியின் ஊடே பார்க்கும் இயந்திரத்துக்கு இதனினும் பொருத்தமான எச்சரிக்கை வேறெங்கும் கிடைக்காது. நரம்பு வலைக்குக் கருதல் உண்டு என்பது குறையன்று. ஐயத்தைச் சொல்லும் வாய் அதற்கு இல்லாமற் செய்ததே குறை.

அந்த வாயைக் கொடுக்க முடியாதா? முடியும். போஸ்டன் பல்கலைக்கழகத்தில் லேய் தியான் என்பாரின் குழுவினர் இதற்கு வழிகாட்டியுள்ளனர். அவர்கள் 2018இல் பல தேய்த்த கண்ணாடிகளின் புள்ளிக்கோலங்களை ஒருசேரக் கற்பித்து, வலை முன்பு காணாத, ஆனால் அதே வகையைச் சேர்ந்த வேறு கண்ணாடிகளின் வழியேயும் படம் மீட்கச் செய்தனர். அதுவரை ஒரு கண்ணாடிக்குப் பழகிய வலை அக்கண்ணாடியைச் சற்று நகர்த்தினாலும் தடுமாறியது. ஆகவே அது உண்மையான முன்னேற்றம். ‘அதே வகை’ என்று அவர்கள் வரம்பிட்டுச் சொன்னதும் பாராட்டத்தக்கது. அடுத்த ஆண்டு, சிதறலன்றி வேறொரு படமுறையில், படத்தோடு அதன் ஐயத்தையும் வரையும் வலையை அதே குழு அமைத்தது. எந்தக் கட்டத்தில் விடை உறுதி, எந்தக் கட்டத்தில் ஊகம் என்பது இரண்டாம் படத்தில் வண்ணத்தால் தெரியும். மாணவன் விடைத்தாளில் ‘இதை உறுதியாக அறிவேன், இதைக் குத்துமதிப்பாக எழுதினேன்’ என்று குறித்துக் கொடுப்பதுபோல் ஆகும். அப்படிக் குறித்துத் தருபவனை எந்த ஆசிரியரும் நம்புவர். ஐயத்தைக் கணிக்கும் கணக்கும் பழக்கத்திலிருந்தே வருவதால், நூலுக்கு முற்றும் புறம்பான ஒன்று வந்தால் அதுவும் தவறக்கூடும். ஆயினும் ஐயப்படமே இல்லாத படத்தைவிட இது மேல்.

பெயரைப் பற்றி ஒரு சொல். நரம்பு வலை என்னும் பெயர் உயிருள்ளதொன்று உள்ளே இருந்து பார்ப்பதான மயக்கத்தைத் தருகிறது. உள்ளே இருப்பவை பெருக்கலும் கூட்டலும் எண்களுமே. தமிழிற் புதிதாக எழுதுவோர் நரம்பு வலை என்று சொல்லட்டும், சொல் வழக்கில் வந்துவிட்டது. ஆனால் அது ‘பார்த்தது’, ‘கண்டது’ என்று எழுதுவதற்குமுன் ‘வரைந்தது’ என்று எழுதிப் பார்க்கலாம். பொருள் குறையாது, மயக்கம் குறையும்.

தேர்வு முறையிலும் மூன்று சோதனைகளை ஆய்வாளர் கட்டாயமாகக் கொள்வது நன்று. பழக்கிய தொகுப்புக்கு வெளியேயுள்ள உருவத்தைக் காட்டுவது முதலாவது. வலை வரைந்த படத்தை ஒளியின் விதிப்படி மீண்டும் கண்ணாடியின் வழியே கணக்கிற் செலுத்தி, வந்த புள்ளிக்கோலத்தோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது இரண்டாவது. ஒபாமாவின் மங்கற்படத்திலிருந்து வந்த முகமும் இத்தகைய ஒப்பீட்டில் தேறியிருக்கும் என்பதையும் மறக்கலாகாது: அதை மங்கச் செய்தால் ஏறத்தாழ அதே மங்கற்படந்தான் வரும். ஆதலால் இரண்டாம் சோதனை தேவையானது, போதுமானதன்று. மூன்றாவது எளியது, செலவில்லாதது, ஆனால் அச்சில் அரிதாகவே காணப்படுவது. கண்ணாடிக்குப் பின்னால் எதையும் வைக்காமல், வெறும் லேசர் ஒளியை மட்டும் செலுத்தி வந்த புள்ளிக்கோலத்தை வலையிடம் கொடுக்கவேண்டும். அது வெற்றுத் தாளைத் திருப்பித் தருகிறதா, ஓர் எண்ணையோ முகத்தையோ வரைந்து தருகிறதா என்று வாசகருக்கு அச்சிட்டுக் காட்டவேண்டும்.